ஆனைமேல் ஓர் அம்பு

தக்கோலம் பக்கத்து ஊர் ஒன்றில் சோழ இளவரசர் இராஜாதித்தனுக்குச் சிலை வைத்தார்கள். சிலை வேறொருவர் செய்தது. பீடத்துக்கான புடைப்புச் சிற்பம் மட்டும் என் பட்டறைக்கு வந்தது. நாலடிக்கு இரண்டரை அடி கருங்கல், ஆழம் 2 அங்குலம். அதற்குள், அவர் யானைமேல் இருந்தபடி அம்பு பட்டு இறந்த 949ஆம் ஆண்டுப் போர் முழுக்க வேண்டுமாம்: சோழர் படை, இராட்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் படை, குதிரை, கொடி எல்லாம்.

காவியால் கோடு போட்டுப் பார்த்தேன். ஈசல் மொய்த்த மாதிரி இருந்தது.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்கள் முன்னால் ஒரு பகல் நின்றேன். ஒரே ஆள், கையில் ஆயுதம். எதிரிப் படை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அம்பு வந்த திசையில் அது இருக்கிறது. எனக்கும் ஒரு யானை, ஓர் ஆள், ஓர் அம்பு போதும் என்று முடிவு செய்தேன்.

சிலைக் குழுவில் மூத்தவர் ஒப்பவில்லை. "அடிபட்டா மாதிரி எதுக்கு ஸ்தபதி? ஜெயிச்சா மாதிரி போடுங்க."

"ஐயா, ஆனைமேல் துஞ்சினவர்னுதாங்க அவருக்குப் பேரே. அம்ப எடுத்துட்டா அவர் யாருன்னு எப்படித் தெரியும்?"

கர்நாடகத்து ஆதகூர்க் கல்லைப் பற்றியும் சொன்னேன். கிருஷ்ணன் பக்கம் நின்று இராஜாதித்தனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகன், தன் வீரன் மணலேரனிடம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்க, அவன் கேட்டது காளி என்ற வேட்டைநாயை. அது காட்டுப்பன்றியோடு மோதிச் செத்தபோது கல் நட்டார்கள். நாயும் பன்றியும் சிற்பமாக நிற்க, நம் இளவரசர் இறந்த செய்தி அதே கல்லில் எழுத்தாக இருக்கிறது. நாய்க்குக்கூட அது செத்த சண்டையைத்தானே செதுக்கினார்கள்?

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. "சரி, அம்பு ஒண்ணே ஒண்ணு" என்றார்.

அம்புத் தண்டு சுண்டுவிரல் தடிமன். தனியாக எழுப்பினால் ஒடியும். மார்போடு ஒட்டவிட்டு, ஒரு பக்கம் மட்டும் ஆழமாக வெட்டினேன். நாலு நாள் சிற்றுளியைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

பதித்த அன்று இரவு போனால், நேரெதிரே பெரிய விளக்கு. யானை, ஆள் எல்லாம் மாவு பூசிய சுவர் மாதிரி மட்டமாகிவிட்டது. அம்பைக் காணோம். வயிறு எரிந்தது. எலக்ட்ரீஷியன் தம்பியைக் கெஞ்சி, விளக்கைக் கழற்றி இடப்பக்கம் தரையோரம் வைக்கச் சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் தள்ளு தம்பி... இன்னும்..."

முதலில் யானையின் காது மடிப்பு தெரிந்தது. பிறகு மத்தகம். பிறகு அம்பும், மார்பில் விழுந்த அதன் நிழலும்.