இலைக்குள் தேங்கும் மாவுச்சத்து

ஒளிச்சேர்க்கையின் வேகத்தை வெயிலும் நீரும் மட்டுமே தீர்மானிப்பதில்லை. இலைத்துளை வழியே நுழையும் கரியமில வாயு, செல்களுக்கு இடையிலுள்ள காற்றறைகளைக் கடந்து, ஈரமான செல்சுவரில் கரைந்து, ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தை அடைய வேண்டியிருப்பதால், சுவர் தடித்து செல்கள் நெருங்கிய இலைகளில் அந்தப் பயணமே ஒரு தடையாகிவிடுகிறது.

இதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது, இலை தன் உற்பத்தியாலேயே முடங்குவதுதான். பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ இக்கருத்தை 1868-லேயே முன்வைத்தார். பகலில் உருவாகும் சர்க்கரையின் ஒரு பகுதி சுக்ரோஸாக, பட்டையிலுள்ள உணவு கடத்தும் திசுவான ஃபுளோயம் வழியே வேருக்கும் கனிக்கும் கிழங்குக்கும் செல்கிறது. மற்றொரு பகுதி பசுங்கணிகத்திலேயே மாவுச்சத்தாகத் தங்கி இரவில் கரைகிறது. காய்களைப் பறித்துவிட்டாலோ, தண்டின் பட்டையை வளையமாக உரித்துவிட்டாலோ, போக வழியின்றிச் சர்க்கரை இலையில் தேங்குகிறது. அப்போது கரியமில வாயுவைப் பிணைக்கும் ரூபிஸ்கோ நொதிக்கான மரபணுக்களின் செயல்பாடு தணியக்கூடும்; பாஸ்பேட் சர்க்கரைச் சேர்மங்களில் சிக்கிக்கொள்வதால், பாஸ்பேட்டைக் கொண்டு உருவாகும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் உற்பத்தியும் தளரலாம். பெருத்த மாவுமணிகள் பசுங்கணிகத்தின் உள்ளமைப்பை நசுக்குவதே காரணம் என்ற பழைய விளக்கம், என் பார்வையில், அரைகுறையானது.

கரியமில வாயு செறிந்த காற்றில் வளரும் செடிகள் தொடக்கத்தில் காட்டும் ஒளிச்சேர்க்கை வேகத்தைப் பின்னர் ஓரளவு இழப்பதிலும் இத்தேக்கத்துக்குப் பங்குண்டு. சிறிய தொட்டியில் வேர் நெருக்கப்பட்ட செடிகளில் அவ்விழப்பு பெரும்பாலும் கூடுதலாகவே தெரிகிறது.