ஷீஹாலியன் மலையில் என் காம்பஸ் தலைகீழான கதை

காம்பஸின் சிவப்பு முனை வடக்கைக் காட்டும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். என்னுடையது போன ஞாயிற்றுக்கிழமை தெற்கைக் காட்டியது. கொஞ்சம் பிசகியெல்லாம் இல்லை, அட்சரசுத்தமாக 180 டிகிரி. அதை நம்பி ஆறு பேரை மேகத்துக்குள் தப்பான பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அந்த முள்ளோடுதான் மல்லுக்கட்டு.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து கிளம்பும் எங்கள் மலைநடைக் குழுவில் இது எனக்கு மூன்றாவது கோடை. போனைப் பார்க்காமல் வரைபடமும் காம்பஸும் மட்டும் வைத்து வழி பிடிக்கப் பழகுவது என்று இந்த வருஷம் முடிவு. மே மாதம் பென்ட்லாண்ட் குன்றுகளில் ஒத்திகை. அங்கே மிக உயரமான ஸ்கால்ட் லா கூட 579 மீட்டர்தான், தொலைந்துபோகவும் முயற்சி வேண்டும். ஜூனில் பென் லோமண்ட், 974 மீட்டர். வானம் பளிச்சென்று இருந்தது, முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தே உச்சிக்குப் போய்விடலாம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, மிட்ஜ் என்ற கடிக்கும் குட்டிப் பூச்சியைத் தவிர. காற்று அடிக்கும்போது ஒன்று கூட இருக்காது. காற்று நின்று நாமும் சாப்பிட உட்கார்ந்தால் தீர்ந்தது. முகவலை வாங்குகிறவர்கள் கறுப்பு வலையாக வாங்குங்கள். வெளிர் நிறத்தில் வாங்கி, எதிரே இருப்பது ஆடா ஆளா என்று தெரியாமல் நடந்தவன் சொல்கிறேன்.

ஜூலைக்கு ஷீஹாலியன், 1083 மீட்டர். பிரேஸ் ஆஃப் ஃபாஸ் வண்டி நிறுத்தத்திலிருந்து மேடு வரை பாதை நன்றாகவே போடப்பட்டிருக்கிறது. அதற்குமேல் பாதை கிடையாது, வெள்ளை வெளேரென்று குவார்ட்சைட் பாறைத் துண்டுகள்தான். இதுதான் உச்சி என்று ஏறினால் அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கும். மலைநடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லும் நெய்ஸ்மித் கணக்குப்படி ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் 750 மீட்டருக்கு எழுபத்தைந்து நிமிடம், ஆக இரண்டேகால் மணி. எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. நெய்ஸ்மித் அந்த விதியைச் சொன்னது 1892-இல். அவர் கணக்கில் பாறை மேல் தவழ்வது சேரவில்லை போலிருக்கிறது. சமதரையில் நூறு மீட்டருக்கு 64 இரட்டை அடி (ஒரு காலை மட்டும் எண்ணுவது) என்று நான் பழகி வைத்திருந்த கணக்கும் அந்தப் பாறைகளில் 90-ஐத் தாண்டிவிட்டது.

உச்சியில் புளிசாதம் சாப்பிட்டு முடிப்பதற்குள் மேகம் மூடிவிட்டது. இறங்கும்போது வழிகாட்டுவது என் முறை. வரைபடத்தில் திசை எடுத்தேன், கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே சாய்ந்து நூறு டிகிரி சுமாருக்கு. காம்பஸின் அடியில் வரைந்திருக்கும் கூண்டுக்குள் சிவப்பு முள் விழும்வரை உடம்பைத் திருப்பி, கம்பீரமாக நடந்தேன். நாற்பது அடி போயிருப்போம். தரை சட்டென்று கீழே சரிந்தது.

எங்கள் நடைத் தலைவிக்கு எழுபது வயது நெருங்குகிறது. 3000 அடிக்கு மேற்பட்ட முன்ரோ மலைகள் 282-ஐயும் முடித்தவர். பின்னாலிருந்து கேட்டார்: “ஏறும்போது காற்று எங்கே அடித்தது?”

“முகத்தில்.”

“இப்போது?”

“முகத்தில்.”

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. தன் காம்பஸை எடுத்து, என்னை இரண்டு மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னார். பக்கத்தில் வைத்தால் இரண்டு முள்ளும் ஒன்றையொன்று இழுத்துக் கெடுக்கும். தள்ளி வைத்துப் பார்த்தபோது இரண்டும் நேரெதிராக நின்றன. நான் போய்க்கொண்டிருந்தது மலையின் செங்குத்தான மேற்குப் பக்கம்.

முதலில் பழியை மலைமேல் போட்டேன். சும்மா இல்லை, இந்த மலைக்கு அப்படியொரு சரித்திரம் உண்டு. 1774-இல் அரச வானியலாளர் மாஸ்கலைன் பூமியை எடைபோட வந்தது இங்கேதான். மலையின் ஈர்ப்பு ஒரு தூக்குக்குண்டு நூலை எவ்வளவு பக்கவாட்டில் இழுக்கிறது என்று மாதக்கணக்கில் மழையிலும் மூடுபனியிலும் உட்கார்ந்து அளந்தார். இழுத்தது! அந்த அளவுகளை வைத்து, பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் நாலரை மடங்கு என்று கணிதர் சார்லஸ் ஹட்டன் கணக்கிட்டார் (உண்மையில் ஐந்தரை). கணக்குக்கு மலையின் பருமன் வேண்டும் அல்லவா? அதற்காக ஒரே உயரத்தில் இருந்த புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தார். இன்று என் வரைபடம் முழுக்க ஓடும் பழுப்புநிறச் சமஉயரக் கோடுகளும் அதே வகைதான். அவர் அப்படிக் கோடு போட்ட மலையிலேயே அந்தக் கோடுகளைக் கையில் வைத்துக்கொண்டு வழி தவறியிருக்கிறேன்.

ஆனால் அன்று மலை இழுத்தது ஈர்ப்பால். குவார்ட்சைட்டில் முள்ளைத் திருப்பும் காந்தம் எதுவும் இல்லை. குற்றவாளி என் தோள்பைக்குள் இருந்தது. புத்தகம்போல் மூடும் போன் உறை, அதன் மூடியில் ஒரு குட்டிக் காந்தம். பென் லோமண்டிலிருந்து ஆறு வாரம் போனும் காம்பஸும் ஒரே பாக்கெட்டில் கட்டிப்பிடித்துக் கிடந்திருக்கின்றன. தண்ணீர்ப் பையின் குழாயை நெஞ்சுவாரில் ஒட்டவைக்கும் காந்தக் கொக்கியும் இதையே செய்யும் என்று தலைவி சொன்னார். என்னிடம் அதுவும் இருக்கிறது.

சரி, இனி மல்லுக்கட்டுக்கு வருவோம். முள்ளை மறுபடி காந்தமேற்ற வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். திங்கள் இரவு குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த விளம்பரக் காந்தத்தைத் தேய்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தகட்டுக் காந்தங்களில் வடக்கும் தெற்கும் வரிவரியாக மாறிமாறி இருக்கும், தேய்ப்பதால் பயனில்லை. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடையில் ஒரு நியோடிமியம் சட்டக் காந்தம் வாங்கினேன். எந்த முனை எது என்று அதில் குறியே இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு நல்ல காம்பஸ் இரவல் வாங்கி, அதன் சிவப்பு முனையை இழுத்த பக்கம்தான் தெற்கு என்று மார்க்கரால் புள்ளி வைத்தேன்.

விதி எளிது. காந்தத்தின் தெற்கு முனையை முள்ளின் நடுவிலிருந்து சிவப்பு நுனி வரை இழுத்து, தூக்கி, மறுபடி நடுவுக்கு வர வேண்டும். ஆனால் முள் திரவத்துக்குள் மிதக்கிறதே! தலைகீழாகிவிட்டதால் சிவப்பு நுனி இப்போது தெற்கு முனை. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் அது விலகி ஓட, வெள்ளை நுனி பாய்ந்து வந்து ஒட்டிக்கொண்டது. நான் அதைப் பார்க்காமல் பத்துமுறை தேய்த்து, இருந்த தப்பை இன்னும் உறுதியாக்கினேன்.

செவ்வாய் இரவு பதினொரு மணிக்குத்தான் வழி பிடிபட்டது. காம்பஸைப் படுக்கவைக்காமல் விளிம்பில் செங்குத்தாக நிறுத்தினால் முள் சரிந்து மூடியில் உரசி மாட்டிக்கொள்கிறது. அந்த நிலையிலேயே காந்தத்தைக் கண்ணாடிமேல் நடுவில் சட்டென்று வைத்து நுனிக்கு இழுக்க வேண்டும். தயங்கினால் முள் திரும்பிவிடும். எட்டு இழுப்பில் முள் எந்தப் பக்கமும் சேராமல் சோம்பலாகச் சுற்றியது. பதினைந்தில் வடக்கே சாய்ந்தது, ஆனால் நிலைக்கு வர அரை நிமிடம் ஆனது. இருபத்தைந்தில் பழையபடி மூன்று விநாடியில் நின்றது. புதன் மதியம் ஒன்று இருபதுக்கு, இங்கே சூரியன் நேர் தெற்கே வரும் நேரத்தில், வாசலில் நின்று சரிபார்த்தேன். முள்ளின் வெள்ளை வால் சூரியனைப் பார்த்தது. வீட்டில் கைதட்ட ஆளில்லை.

காந்தம் கையில் இருந்ததால் புளிசாத டப்பாவையும் சோதித்தேன். ஊரில் பாத்திரக்கடையில் அம்மா செய்வதுதான், காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர். டப்பாவில் ஒட்டவில்லை, ஸ்பூனில் ஒட்டியது. இனி ஸ்பூன் பையின் அடியில்.

ஆகஸ்டில் பென் லாயர்ஸ், 1214 மீட்டர். அதற்குப் புதுக் காம்பஸ் ஒன்று சொல்லியிருக்கிறேன், பழையது உபரியாக வரும். செப்டம்பரில் ஸ்கை தீவு. அங்கே குயிலின் மலைகளின் காப்ரோ பாறையே முள்ளைத் திருப்பும், அதனால் இத்தனை பாடுபட்டதற்கு அங்கே பலன் சந்தேகம்தான். கோடுகளைப் பார்த்து நிலத்தைப் படிக்கப் பழகு என்கிறார் தலைவி. பழக வேண்டும். அதற்குமுன் இந்த முள் ஒரு வாரம் நிலைக்கிறதா என்று பார்க்கிறேன். காம்பஸ் அலமாரியில், காந்தம் அடுத்த அறையில், போன் அதற்கும் அடுத்த அறையில்.