மினிட்ஸ் எழுதியவள்

வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் எங்கள் குழுவின் மீட்டிங் மினிட்ஸை, அதாவது கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்ற குறிப்பை, நான்தான் எழுதினேன். யாரும் உத்தரவு போடவில்லை. "உங்க எழுத்து நல்லா இருக்கும்மா" என்று மேலாளர் ஒருநாள் சொன்னார். அதோடு அந்த வேலை என் தலையில் விழுந்தது. லேப்டாப்பில் தட்டுகிறவளுக்கு எழுத்து நன்றாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

மினிட்ஸ் எழுதுகிறவர் மற்றவர்கள் பேச்சைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும்; தான் பேச நேரம் கிடைக்காது. ஒருமுறை எப்படியோ வாயைத் திறந்தேன். புது மென்பொருளை எல்லாக் கிளைகளிலும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், முதலில் ஒரு கிளையில் ஓட்டிப் பார்ப்போம் என்றேன். ஒருவரும் நிமிரவில்லை. பத்து நிமிடம் கழித்து எதிரே இருந்தவர் அதையே சொன்னார். "அருமையான யோசனை!" என்றார் மேலாளர். அதை எதிரே இருந்தவர் பெயரில் மினிட்ஸில் ஏற்றியதும் இந்தக் கைதான். இப்போது நினைத்தாலும் அவர் மேல் அவ்வளவு கோபம் வருவதில்லை. என் மேல்தான் வருகிறது.

2016-ல் வாஷிங்டன் போஸ்ட்டில் வந்த ஒரு செய்தி கண்ணில் பட்டது. ஒபாமா பதவியேற்றபோது அவருடைய மூத்த உதவியாளர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். கூட்டத்தில் ஒரு பெண் முக்கியமாக ஏதாவது சொன்னால், இன்னொரு பெண் அவர் பெயரைச் சொல்லி அதைத் திரும்பச் சொல்வது என்று அங்கிருந்த பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்களாம்.

எங்கள் குழுவில் அப்போது நான் ஒருத்திதான் பெண். எனக்காகத் திரும்பச் சொல்ல யாரும் இல்லை, மினிட்ஸ் மட்டும்தான் இருந்தது. அதில் 'முதலில் சொன்னவர்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். ஆண், பெண் யார் சொன்னாலும் பெயர் ஏறும். இரண்டே மாதத்தில், பேசத் தயங்கும் ஒரு பையன்கூட வாய் திறந்தான். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

குழுத் தலைவரானதும் மினிட்ஸுக்கு முறை வைத்தேன். பதவி உயர்வுக்கு உதவாத வேலைகளைப் பற்றி 2017-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ என்ற பொருளாதார ஆய்விதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் அத்தகைய வேலைக்குப் பெண்களே அதிகம் முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களிலோ, அவர்களே தாராளமாக முன்வந்தார்கள். பெண்ணுக்கு அந்த வேலை பிடிக்கும் என்பதெல்லாம் சும்மா. அவள் செய்துவிடுவாள் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள், அவளும் சேர்ந்து அப்படியே நினைக்கிறாள்.

போன மாதம் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். கூட்டம் தொடங்கும்போது என்னை அறியாமலே சொல்லிவிட்டேன்: "நீ கொஞ்சம் நோட் பண்ணிக்கோம்மா."

"இன்னைக்கு யார் முறை மேடம்?" என்றாள்.

பட்டியலைப் பார்த்தேன். முறைக்காரர் லீவு. லேப்டாப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.