பெத்லகேம் வரிசையில் ஒரு கிளிக்கரோடு

விடிகாலை மூன்றே காலுக்கு அலாரம் அடிக்கும். 2017இல் பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் உள்ள பெத்லகேமில் இருந்த மூன்று மாதமும் பெரும்பாலான நாள்கள் அப்படித்தான் தொடங்கின. உலகத் திருச்சபைகள் மன்றம் 2002 முதல் நடத்திவரும் திட்டம் ஒன்றில் தன்னார்வலராகப் போயிருந்தேன். ஜெருசலேமுக்குப் போகும் வழியில் உள்ள இஸ்ரேலின் 300ஆம் எண் சோதனைச் சாவடியில் நின்று, கடந்து போகிற பாலஸ்தீனர்களை எண்ணுவதுதான் வேலை. "எண்ணுவதா? அவ்வளவுதானா?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

கையில் ஒரு கிளிக்கர் கொடுத்தார்கள். கல்யாண மண்டபப் பந்தியில் ஆள் கணக்கு எடுப்பார்களே, அதே சாமான். சுழல் கம்பிக்கதவு ஒரு ஆளை உள்ளே விட்டால் ஒரு அழுத்து. ஆண்கள் தனி, பெண்களும் குழந்தைகளும் தனி. அரை மணிக்கு ஒருமுறை தாளில் குறிக்க வேண்டும். எத்தனை கூண்டில் சிப்பாய் உட்கார்ந்திருக்கிறார், கதவு எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் எழுத வேண்டும். வரிசையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற ஒருவரை, சிவப்புத் தொப்பிக்காரர் என்று வையுங்கள், தேர்ந்தெடுத்து மறுபக்கம் நிற்கும் தோழிக்கு போனில் சொல்வேன். அவர் வெளியே வந்ததும் அவள் நேரம் சொல்வாள். சில நாள் இருபது நிமிடம், சில நாள் ஒன்றரை மணிக்கு மேல்.

ஞாயிற்றுக்கிழமை ரொம்ப மோசம். இஸ்ரேலில் வாரம் அன்றுதான் தொடங்குகிறது. இஸ்ரேல் கட்டிய எட்டு மீட்டர் உயரச் சுவரை ஒட்டி, இரண்டு பக்கமும் கம்பி போட்ட ஒடுங்கிய பாதையில் கட்டடத் தொழிலாளர்கள் நெஞ்சோடு முதுகு ஒட்டி நிற்பார்கள். ஹெப்ரோன் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் இரண்டு மணிக்கே கிளம்பியிருப்பார்கள். சிலர் கம்பிமேல் ஏறி, கீழே நிற்கிறவர்களின் தலைக்கு மேலாகவே நகர்ந்து முன்னால் போய்க் குதிப்பார்கள். கீழிருந்து வசவு பறக்கும். முதல் வாரம் எனக்கு அவர்கள்மேல்தான் கோபம் வந்தது. ஏழு மணி வேனைத் தவறவிட்டால் அன்றைய கூலி போச்சு என்று தெரிந்த பிறகு அந்தக் கோபம் நீடிக்கவில்லை.

பெல்ட்டை முன்கூட்டியே கழற்றித் தோளில் போட்டிருப்பார்கள். காந்த அடையாள அட்டை பல்லிடுக்கில், சாப்பாட்டுப் பை கையில். உலோகம் கண்டறியும் வாசல் தாண்டியதும் விரல் ரேகை. சிமென்ட் அரித்த விரலை அந்த இயந்திரம் சில நேரம் ஏற்காது. சட்டையில் தேய்த்துவிட்டு மறுபடி வைப்பார்கள். தஸ்ரீஹ், அதாவது வேலை அனுமதிச் சீட்டு, அப்போது முதலாளி பெயரோடு கட்டப்பட்டிருந்தது. அது ரத்தான விஷயம் பலருக்கு அந்த ஜன்னலில்தான் தெரியவரும். அப்படித் திரும்புகிறவர்கள் எதிர்த்திசையில் அதே கூட்டத்தைப் பிளந்துகொண்டு வர வேண்டும். அவர்களுக்கு என் தாளில் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன்.

பெண்கள், முதியவர்கள், நோயாளிகளுக்குப் பக்கத்தில் ஒரு தனி வழி இருந்தது. அது பூட்டியிருந்தால் உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பது பயிற்சியில் சொன்னது. கூப்பிட்டால் "பார்க்கிறோம்" என்பார்கள். சில நாள் திறந்தது, சில நாள் இல்லை. 2001இல் தொடங்கிய, சோதனைச் சாவடிகளைக் கண்காணிக்கும் மக்ஸோம் வாட்ச் என்ற அமைப்பின் இஸ்ரேலியப் பெண்களும், பாதிப்பேர் பாட்டி வயது, சில காலைகளில் மறுபக்கம் வருவார்கள். நான் தாளில் எழுதுவதை அவர்கள் ஹீப்ருவில் சிப்பாயின் முகத்துக்கு நேரே கேட்பார்கள். எனக்கு அந்த உரிமை இல்லை. பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டினால் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிற உரிமை மட்டும் இருந்தது. வேலை முடிந்து அப்படிக் கடக்கும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டேன்.

எங்கள் கணக்கு ஐ.நா. அலுவலகத்துக்குப் போனது. 2019இல் முகம் அடையாளம் காணும் தானியங்கிக் கதவுகளோடு சாவடியைப் புதுப்பித்தார்கள், வரிசை வேகமானது. காசா போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு பெரும்பாலானோரின் வேலை அனுமதியே நிறுத்தப்பட்டது. அந்தத் தாளை இன்று நிரப்பினால் கூட்டமே இல்லை என்றுதான் வரும்.

வாசலில் ஏலக்காய் போட்ட காபி விற்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். அப்பா வயது. என்னை "யா பிந்தி", மகளே, என்றுதான் கூப்பிடுவார். கணக்கில் அவருக்கும் எனக்கும் தினமும் போட்டி. அவர் காகிதக் கப் மீதியை வைத்துக் கூட்டத்தைச் சொல்வார். ஒரு ஞாயிறு, குளிரில் விரல் மரத்துப்போய் அரை மணி நேரம் கிளிக்கரைச் சரியாக அழுத்தவே இல்லை நான். என்ன எழுதுவது என்று விழித்தேன். அவர் எட்டிப் பார்த்து, "ஐந்நூறு குறைச்சல், எழுதிக்கோ" என்றார். கப் கணக்கை எப்படி எழுதுவது? அந்த அரை மணியை வெறும் கோடாக விட்டுவிட்டேன். மறுநாள் காபிக்குக் காசு வாங்கவில்லை, "உன் மெஷினுக்கும் ஒன்று ஊற்றட்டுமா?" என்றார்.