இலையுதிர் கால இனிப்புகள்: பழத்தின் தண்ணீரோடு ஐந்து வாரம்

இந்த இலையுதிர் காலம் தொடங்கியபோதே ஒன்று முடிவு செய்துகொண்டேன். அந்தந்த வாரம் புதிதாக வரும் பழத்தை வைத்துத்தான் இனிப்பு, அதுவும் சரியாக வரும்வரை அதையே திரும்பச் செய்வது. ஐந்து வாரம் ஓடிவிட்டது. நோட்டில் கிறுக்கி வைத்ததை நேற்று உட்கார்ந்து படித்தேன், ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் தண்ணீர் என்ற சொல் இருக்கிறது. சர்க்கரை எவ்வளவு, வெண்ணெய் எவ்வளவு என்பதெல்லாம் ஒரு தடவை பிடிபட்டால் போதும், பழத்துக்குள் இருக்கும் தண்ணீரை என்ன செய்வது என்பதில்தான் என் நேரம் முழுக்கப் போயிருக்கிறது.

முதலில் ஆப்பிள் க்ரம்பிள். எளிதானது என்று எல்லோரும் சொல்வதால் அதில் ஆரம்பித்தேன். ஒரு கிலோ ஆப்பிளைத் தோல் சீவி நறுக்கி, சர்க்கரையும் பட்டைத் தூளும் பிசிறி, மேலே 200 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை சேர்த்து உதிர்த்த மாவைத் தூவி, 180 டிகிரியில் 40 நிமிடம் வைத்தேன். வாசனை வீடு முழுக்க நன்றாகத்தான் இருந்தது. கரண்டியை விட்டு எடுத்தபோதுதான் தெரிந்தது, மேலே ஒரு மெல்லிய ஏடு மட்டும் மொறுமொறுப்பு, அதற்குக் கீழே மாவு ஆப்பிள் சாற்றில் ஊறிக் கூழாகக் கிடந்தது. ஆப்பிளின் எடையில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர். சூட்டில் அது வெளியே வந்துதானே ஆக வேண்டும்!

அடுத்த தடவை அந்தத் தண்ணீரை ஓவனுக்குப் போகும் முன்பே வெளியே கொண்டுவந்துவிட்டேன். நறுக்கிய ஆப்பிளில் 80 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் பாதி எலுமிச்சையின் சாறும் கலந்து முக்கால் மணி நேரம் அப்படியே விட்டால், சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொண்டு பாத்திரத்தின் அடியில் தேங்கி நிற்கிறது. வடிகட்டி அளந்தால் 120 மில்லி! அதைக் கொட்டிவிடக் கூடாது, பழத்தின் ருசியில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. சின்ன வாணலியில் ஊற்றி, ஒரு ஸ்பூன் வெண்ணெய் சேர்த்து, தேன் பதம் வரும்வரை காய்ச்சித் திரும்ப ஆப்பிளோடு கலந்தேன். எலுமிச்சை இங்கே இரண்டு வேலை செய்கிறது: நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவதைத் தடுக்கிறது, அப்புறம் அந்தப் புளிப்பால், பழத்தின் சதையை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற இயற்கைப் பசை சீக்கிரம் கரையாமல் துண்டுகள் வடிவம் கெடாமல் இருக்கின்றன. ஆப்பிள் வகையும் முக்கியம். கிரானி ஸ்மித் மாதிரிப் புளிப்பான பச்சை ஆப்பிள் வெந்தாலும் துண்டாக நிற்கும், மக்கின்டாஷ் குழைந்துபோகும். நான் இப்போது முக்கால் பங்கு முதல் வகை, கால் பங்கு இரண்டாவது வகை என்று போடுகிறேன், குழைந்தது துண்டுகளுக்கு நடுவே குழம்பாகப் பிடித்துக்கொள்கிறது.

மேல்மாவில் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும், விரல் நுனியால் மட்டும் உதிர்க்க வேண்டும், உள்ளங்கை படக் கூடாது, படும்போதே உருகத் தொடங்கிவிடுகிறது. முழுக்க ரவை போலப் பொடித்துவிடாமல் நடுநடுவே பட்டாணி அளவு கட்டிகளை விட்டுவிட்டு, பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் 15 நிமிடம் வைத்து எடுத்துத் தூவுங்கள். நான்காவது டிரேயில் ஓரத்தில் சாறு கெட்டியாக, மெதுவாக, பெரிய குமிழ்களாகக் கொதித்தது. முதல் டிரேயில் அந்தக் குமிழ்கள் சின்னதாகப் படபடவென்று வந்தன. இப்போது நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, குமிழைத்தான் பார்க்கிறேன். வெளியே எடுத்ததும் 20 நிமிடம் பொறுத்திருக்க வேண்டும், ஆற ஆறத்தான் சாறு இறுகும்.

பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இலையுதிர் கால இனிப்பு என்றாலே பட்டையை அள்ளிக் கொட்டுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒரு கிலோ பழத்துக்கு அரை டீஸ்பூன் போதும். அதற்கு மேல் போனால் ஆப்பிளா பேரிக்காயா என்றே நாக்குக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம் பூசணி பை (pie), அதாவது அடிமாவுக்குள் பூசணி விழுதை நிரப்பிச் சுடுவது. ஆப்பிளைவிட இதில் தண்ணீர் இன்னும் அதிகம், 90 சதவீதத்தைத் தாண்டும். நான் முதலில் துண்டு போட்டு வேகவைத்து மசித்தேன், அதாவது ஏற்கெனவே தண்ணீராக இருப்பதற்குள் மேலும் தண்ணீர் ஏற்றிவிட்டேன். பை வெந்தது, வெட்டியதும் ஒரு நிமிடத்தில் தட்டில் மஞ்சள் தண்ணீர் தேங்கியது, அடிமாவு நனைந்து நைந்துபோயிருந்தது. ருசியும் மங்கல்.

இரண்டாவது முயற்சிக்கு, ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் பெரிய பூசணியை விட்டுவிட்டு பட்டர்நட் என்ற நீளமான சிறு பூசணி வகையை வாங்கினேன். பெரிய பூசணியில் நாரும் தண்ணீரும்தான் அதிகம், பட்டர்நட்டின் சதை அடர்த்தி, இனிப்பும் கூட. நெடுக்காகப் பிளந்து, விதையை வழித்துவிட்டு, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி டிரேயில் கவிழ்த்து 200 டிகிரியில் 50 நிமிடம். கத்தியை விட்டால் தடையே இல்லாமல் இறங்க வேண்டும், ஓரத்தில் சதை பழுப்பாகி டிரேயில் ஒட்டியிருக்க வேண்டும். மசித்த விழுதை மெல்லிய துணியில் கட்டிச் சல்லடை மேல் ஒரு மணி நேரம் வைத்தேன், அப்போதும் முக்கால் டம்ளர் வடிந்தது. அதோடு விடாமல் அடிகனமான வாணலியில் போட்டுக் கிளறினேன். முதலில் ஆவி குபுகுபுவென்று வருகிறது, கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் உடனே மூடிக்கொள்கிறது. பத்து நிமிடம் கழித்து இழுத்த கோடு இரண்டு மூன்று நொடி அப்படியே நின்றது, விழுதின் நிறமும் மஞ்சளிலிருந்து ஆழ்ந்த காவிக்கு மாறியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு துளி வாயில் வைத்துப் பாருங்கள், சர்க்கரையே போடாமல் அவ்வளவு இனிப்பு.

அப்புறம் 425 கிராம் விழுது, இரண்டு முட்டை, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு, 250 மில்லி க்ரீம், 150 கிராம் பழுப்புச் சர்க்கரை, துளி ஜாதிக்காய், இரண்டு கிராம்பின் பொடி, உப்பு. அடிமாவைப் பேக்கிங் தாள் விரித்து, மேலே காய்ந்த பயறைப் பாரமாகப் போட்டு, முன்பே தனியாகச் சுட்டுக்கொண்டேன். அந்த மாவைப் பிசையும்போதும் தண்ணீரில்தான் கவனம். மூன்று நான்கு ஸ்பூன் ஐஸ் தண்ணீருக்கு மேல் போனால் மாவில் பசைத்தன்மை ஏறி, சுடும்போது சுருங்குகிறது, கடிக்கவும் கெட்டி. நிரப்பிய பை 175 டிகிரியில் 50 நிமிடம். ஓரம் நிலைத்து நடு மட்டும் லேசாக ஆடும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும், மிச்சத்தை அதன் சூடே வேகவைத்துவிடும். உள்ளே 80 டிகிரி வந்தால் போதுமானது. அதைத் தாண்டி விட்டுவிட்டால் முட்டை இறுகித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது, மேலே விரிசலும் விழுகிறது. இந்தத் தடவை வெட்டிய துண்டு தட்டில் அரை மணி நேரம் இருந்தும் ஒரு சொட்டு கசியவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி மாளாது.

பேரிக்காயில் அதிகம் தகராறு இல்லை. அது உள்ளிருந்து வெளியே பழுக்கும், வெளியே மெத்தென்று ஆவதற்குள் நடு கெட்டுவிடும், அதனால் காம்புக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தே எடுக்க வேண்டும். பாகில் வேகவைக்க இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருப்பதே நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் சர்க்கரை, மேலே வட்டமாக வெட்டிய பேக்கிங் தாள், அது இருந்தால் பழம் மேலே மிதந்து கறுக்காது. சிறு தீயில் 25 நிமிடம், பிறகு பாகிலேயே ஆறவிட வேண்டும். மறுநாள்தான் சாப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

இந்த வாரம் குவின்ஸ், ஆப்பிள், பேரிக்காய்க்கு உறவான ஒரு மஞ்சள் பழம். பச்சையாகக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத் துவர்ப்பு, கத்தி இறங்காத கெட்டி, ஆனால் இரண்டு பழத்தை மேசையில் வைத்தால் அறையே மணக்கிறது. நான்காகப் பிளந்து, மூழ்கும் அளவு தண்ணீரும் சர்க்கரையும் விட்டு, வெட்டிய விதைப் பகுதியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டு, மிகச் சிறு தீயில் வைத்தேன். ஒரு மணி நேரம் வரை வெளிர் மஞ்சள்தான். இரண்டாவது மணியில் ஓரங்களில் இளஞ்சிவப்பு. மூன்று மணி நேரம் முடிந்தபோது செங்கல் நிறம். சாயம் எதுவும் இல்லை, துவர்ப்பைத் தந்த அதே டானின்கள் நீண்ட சூட்டில் சிவப்பு நிறமிகளாக மாறுகின்றன.

துண்டுகளை எடுத்துவிட்டு மிஞ்சிய சாற்றை ஒரு பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். இன்று காலை பாட்டிலைச் சாய்த்தால் அசையவில்லை, ராத்திரியோடு ராத்திரியாக ஜெல்லியாக உறைந்திருக்கிறது, குவின்ஸில் பெக்டின் அவ்வளவு. ஒரு ஸ்பூன் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன், கண்ணாடி போலச் சிவப்பு. ஆப்பிள் சாற்றைக் காய்ச்சிக் கலப்பதற்குப் பதிலாக இதையே மூன்று ஸ்பூன் போட்டுப் பார்க்கலாமென்று ஒரு கிலோ ஆப்பிளை நறுக்கிச் சர்க்கரை பிசிறி வைத்திருக்கிறேன், கீழே சாறு தேங்க ஆரம்பித்துவிட்டது.