மரப் பொறியியல் தகுதித் தேர்வு: எந்த எடையால் வகுப்பது?

முடிவு வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. இரண்டாம் முயற்சியில் தேறிவிட்டேன். முதல் முறை தவறியதற்குக் காரணம் படிக்காதது அன்று, ஈரப்பதக் கணக்கில் தவறான எடையால் வகுத்தது. இளங்கலையில் நான் படித்தது வேளாண் பொறியியல். தானியத்தின் ஈரப்பதத்தை மொத்த எடையில் இத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டுப் பழகிய கை, மரத்துக்கும் அதையே செய்துவிட்டது. மரவியலில் நீரின் எடையை வகுக்க வேண்டியது முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையால். பச்சை மரத்தின் ஈரப்பதம் 100 விழுக்காட்டைத் தாண்டுவதும் இதனால்தான். வகுப்பில் இதைக் கேட்டுத் தலையாட்டியவன்தான் நானும்.

வினா எளிது. துண்டின் எடை பச்சையில் 65 கிராம், 103 பாகை செல்சியசில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தியபின் 50 கிராம். நார் நிறைவுப் புள்ளி (செல்சுவர் மட்டும் நீரால் நிறைந்திருக்கும் ஈரப்பதம், இதற்குக் கீழே போனால்தான் மரம் சுருங்கும்) 30 விழுக்காடு, தொடுகோட்டுத் திசையில் (ஆண்டு வளையங்களை ஒட்டிய திசை) மொத்தச் சுருக்கம் 8 விழுக்காடு எனில், அத்திசையில் 200 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகை 12 விழுக்காட்டுக்கு உலரும்போது எவ்வளவு சுருங்கும்? சரியான ஈரப்பதம் 30. அதிலிருந்து 12க்கு இறங்குவது 18. எனவே எட்டில் 18/30 பங்கு, அதாவது 4.8 விழுக்காடு, 9.6 மில்லிமீட்டர். நான் 65ஆல் வகுத்து 23.1 என்று எழுதி, மரம் ஏற்கெனவே சுருங்கத் தொடங்கிவிட்டது என்று ஒரு பத்தி விளக்கமும் கொடுத்து, 5.9 மில்லிமீட்டரில் முடித்தேன். அடுத்த மூன்று உட்பிரிவுகளும் அந்த எண்ணை நம்பி நின்றவை. வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குக் கிடைக்கவில்லை, அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

இம்முறை விடைத்தாளின் மேல் ஓரத்தில் ‘உலர் எடையால் வகு’ என்று எழுதிவிட்டுத்தான் வினாத்தாளைத் திறந்தேன். கூழ், காகிதம் பற்றிய பகுதியில் மொத்த எடையை அடிப்படையாகக் கொள்வதும் உண்டு என்பதால், எந்த அடிப்படையில் கணக்கிடுகிறீர்கள் என்பதை விடைதோறும் ஒரு சொல்லிலாவது குறிப்பிடுங்கள்.

எனக்கு மனப்பாடம் வராது. கையில் பொருள் இருந்தால்தான் மனம் ஓடும். ஆகவே ஒரு சிறிய மரக் கனசதுரத்தில் இழைத் திசை, ஆரத் திசை (நடுவிலிருந்து பட்டை நோக்கி), தொடுகோட்டுத் திசை மூன்றையும் பென்சிலால் குறித்து, அதைத் திருப்பித் திருப்பியே இயக்கவியல் பகுதி முழுவதையும் படித்தேன். மூன்று யங் குணகங்கள் (இழுத்தால் நீளாமல் எதிர்க்கும் விறைப்பு), மூன்று சறுக்குக் குணகங்கள் (சறுக்கி உருமாறாமல் எதிர்க்கும் விறைப்பு), ஆறு பாய்சான் விகிதங்கள் (ஒரு திசையில் நீளும்போது மறுதிசையில் ஒடுங்கும் அளவு) எனப் பன்னிரண்டு இருந்தும், தனித்து நிற்பவை ஏன் ஒன்பது மட்டும் என்பது அந்தக் கட்டை இல்லாமல் எனக்குப் புரிந்திருக்காது.

மற்றவை:

- வளைவுச் சோதனையில் யங் குணகம் காணும் சூத்திரத்தில் ஆழம் மும்மடியாக வருகிறது. அகலத்தையும் ஆழத்தையும் இடம் மாற்றிவிடாதீர்கள்.
- செல்சுவரின் அடர்த்தி எந்த மரத்திலும் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம். மரங்களின் அடர்த்தி வேறுபடுவது பெரும்பாலும் உள்ளிருக்கும் வெற்றிடத்தால்.
- சாய்ந்த மரம் தன்னை நிமிர்த்த உருவாக்கும் சிறப்பு மரப்பகுதி: ஊசியிலை மரத்தில் அழுத்த மரம், கீழ்ப்புறம். அகன்ற இலை மரத்தில் இழுவிசை மரம், மேற்புறம்.
- நிற்கும் மரத்தின் விட்டத்தை அளக்கும் மார்பளவு உயரம் 1.3 மீட்டரா, 1.37 மீட்டரா என்பது நாட்டுக்கு நாடு மாறும். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும்.
- குழுப் படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டு வாரத்தில் விலகிவிட்டேன்.

வாய்மொழித் தேர்வில் முதல் முறை கொடுத்த துண்டின் குறுக்குவெட்டு, வாள் பட்டுச் சிராய்த்துக் கிடந்தது. அதன்மேல் அப்படியே லென்சை வைத்து, கிழிந்த நார்களை மட்டும் பார்த்துவிட்டு, பரவல் துளை மரம் (துளைகள் வளையம் முழுதும் ஏறத்தாழ ஒரே அளவில் பரவியிருப்பது) என்று ஊகமாகச் சொன்னேன். இம்முறை பிளேடு கேட்டேன், தயங்காமல் கொடுத்தார்கள். துண்டின் வெட்டுமுகத்தைச் சற்று ஈரமாக்கி ஒரே இழுப்பில் மெல்லிய சீவல் எடுத்து, பத்து மடங்கு லென்சைக் கண்ணருகே பிடித்துக் கட்டையை அதனிடம் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் ஒரே வரிசையாக நின்றன. வளையத் துளை மரம் என்றேன். பிறகு அவர்கள் கேட்ட கேள்விகள் அனைத்தும் அந்த வரிசையிலிருந்தே கிளம்பின.