ஆறு சுற்று முறுக்கி, பாதியைத் திருப்பிய கதை

மாசி மாதம், தாளடி அறுப்பு நேரம். மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். வயலிலிருந்து நெல்லை கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப் போக வாய்க்கால் கரைதான் வழி. ஈரமாக இருந்தபோது டிராக்டர் ஓடிய தடம் அப்படியே காய்ந்து, இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் நீளமாக ஒரு மேடு. எங்கள் களிமண் காய்ந்தால் செங்கல்தான். அந்த நடுமேட்டில் என் பிக்கப்பின் முன்வயிறு கர்ர்ரென்று உரசும். என்ஜின் ஆயில் நிற்கும் சேம்பருக்குக் கீழே இருக்கும் தகடு ஒருநாள் மடங்கியே போனது.

பாதிக் காரணம் நானே. முந்தின வருஷம் பாரம் தாங்கட்டும் என்று பின்பக்க ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகப் போட்டேன். பின்பக்கம் எழும்பியது, வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டது. இரண்டாம் கையாக வாங்கிய பழைய வண்டி வேறு, முன்பக்கம் ஏற்கெனவே தொய்ந்திருந்தது.

முன்சக்கரத்துக்கு மேலே காயில் ஸ்பிரிங் இருக்கும் என்று குனிந்து தேடினேன். இல்லை. அதற்குப் பதில் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை ஒட்டி நீளவாக்கில் பக்கத்துக்கு ஒன்றாக எஃகுக் கம்பி. டார்ஷன் பார் என்பது இதுதான். 2010ல் வந்த மகிந்திரா தார் ஜீப்பிலும் முன்பக்கம் இதே ஏற்பாடு. கம்பியின் முன்முனை சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் பல்லோடு பல்லாகக் கோத்திருக்கும். பின்முனை கேபினுக்கு அடியில் ஒரு குட்டி லீவரில். அந்த லீவரை ஒரு நீளமான போல்ட் பிடித்துக்கொண்டிருக்கும். வைக்கோல் பாரம் கட்டும்போது கயிற்றில் ஒரு கம்பை விட்டு முறுக்குவோமே, கம்பை விட்டால் சர்ரென்று திரும்பிவிடும் இல்லையா, அதே விசைதான் வண்டியின் முன்பாரத்தைத் தாங்குகிறது. போல்ட்டை முறுக்கினால் முன்பக்கம் உயரும், தளர்த்தினால் இறங்கும்.

இவ்வளவு தெரிந்ததும் மெக்கானிக் எதற்கு என்று தோன்றிவிட்டது.

ஊர் உலர்களத்தில் வண்டியை நிறுத்தினேன். சிமெண்ட் தரை, மட்டமாகத்தான் இருக்கும் என்று நினைப்பு. சித்தப்பா மகன் உதவிக்கு வந்தான். இன்ச் டேப்பில் தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தோம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. போல்ட் துருப்பிடித்திருந்ததால் முந்தின ராத்திரியே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தேன். ஜாக்கியைச் சேசிஸில் கொடுத்து, முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நிற்கும்படி தூக்கி, ஸ்டாண்டு வைத்தோம். இதை மட்டும் சரியாகச் செய்தோம். பாரம் சக்கரத்தில் நிற்கும்போது முறுக்கினால் போல்ட்டின் மரை போய்விடும். ஒரு பக்கத்துக்கு ஆறு சுற்று.

இறக்கிப் பார்த்தால் வண்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. "டேய் அண்ணே, சினிமா வண்டி மாதிரி இருக்கு" என்றான். எனக்கும் ஏகப்பட்ட பெருமை.

பெருமை ஊர் எல்லை மதகு வரைதான் தாங்கியது. மேட்டில் ஏறி இறங்கும்போது அடியில் 'டக்' என்று ஒரு அடி. அடுத்த பள்ளத்திலும் அதே. பாரம் இல்லாமல் ஓட்டினால் கட்டை வண்டி தோற்றது. ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. ராத்திரியில் எதிரே வந்த பஸ்காரர்கள் எல்லாரும் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள்; மூக்கு உயர்ந்ததில் என் ஹெட்லைட் அவர்கள் கண்ணில் போயிருக்கிறது. இப்படியே மூன்று வாரம் ஓட்டினேன். முன்டயரின் வெளிவிளிம்பைத் தடவினால் ரம்பம் மாதிரி கையில் பட்டது. அப்புறம்தான் கூத்தாநல்லூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாயிடம் போனேன்.

பாய் ஸ்பேனரைத் தொடவே இல்லை. சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு மேல் ஆர்முக்கும் அதன் கீழே இருக்கும் ரப்பர் கட்டைக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

"தம்பி, சக்கரம் மேலே போறதுக்கு மட்டும் இல்ல, பள்ளத்துல கீழே இறங்கவும் இடம் வேணும். நீ அத்தனையையும் உயரத்துக்கே குடுத்துட்ட."

போல்ட்டை முறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கம்பியின் பருமனும் நீளமும் மாறாதவரை அதன் விறைப்பு மாறாது என்றார். எனக்குக் கடினமாகத் தெரிந்தது, சக்கரம் இறங்க இடமில்லாமல் ஆர்ம் ரப்பரில் போய் முட்டியதுதானாம். ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயிண்டும் அந்தக் கோணத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடுமாம்.

அடுத்து எங்கே அளந்தாய் என்று கேட்டார். உலர்களம் என்றதும் சிரித்தார். மழைத்தண்ணீர் ஓடுவதற்காகக் களத்துக்கு வாட்டம் விட்டுத்தானே தரை போடுவார்கள்! டெல்டா முழுக்கத் தட்டை நிலம், அதில் நான் தேடிப்பிடித்தது ஒரு சரிவை. தரையிலிருந்து அளந்ததும் தப்பு. ஒரு டயரில் காற்று குறைந்தாலே கணக்கு மாறிவிடும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புக்கு நேர்மேலே அளக்க வேண்டும்.

பாய் தன் ஷெட்டில் ரசமட்டம் வைத்துப் பார்த்த இடத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு டயருக்கும் காற்று சரிபார்த்து, காலி வண்டியாகவே அளந்தார். வலது 19 இன்ச் 6 நூல், இடது 20 இன்ச் 2 நூல். நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒன்று, தச்சர் கணக்கு. டிரைவர் உட்காரும் வலது பக்கம் ஆரம்பத்திலேயே நான்கு நூல் தாழ்ந்துதான் இருந்திருக்கிறது. களத்தின் வாட்டமும் டயர்க் காற்றும் சேர்ந்து அதை மறைத்திருக்கும். நான் இரண்டு பக்கமும் ஒரே சுற்று கொடுத்ததில் கோணல் அப்படியே தங்கிவிட்டது. சுற்றை எண்ணாதே, உயரத்தை அள என்பது பாயின் கட்சி.

மறுபடி தூக்கி, போல்ட் தலையில் பெயிண்டால் கோடு போட்டு, வலதில் இரண்டு சுற்றுக்குச் சற்று மேலேயும் இடதில் கிட்டத்தட்ட நான்கும் தளர்த்தினார். இறக்கியவுடன் அளக்கவில்லை. வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் உருட்டச் சொன்னார். தூக்கி இறக்கும்போது டயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டு உள்பக்கமாகவே நிற்கும், உருட்டினால்தான் வண்டி தன் இடத்தில் உட்காரும். ஒரு பக்கத்தை மாற்றினால் மறுபக்கமும் ஒன்றிரண்டு நூல் அசைந்தது. மூன்று முறை தூக்கி இறக்கிய பிறகு இரண்டு பக்கமும் 19 இன்ச். ரப்பருக்கும் ஆர்முக்கும் நடுவே இப்போது இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது. போல்ட்டை முழுசாகக் கழற்றும் வேலை வந்தால் தனியாகச் செய்யாதே, லீவருக்கு நேராகத் தலையை வைக்காதே என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

பிறகு மன்னார்குடியில் சக்கர அலைன்மெண்ட். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் திசையும் மாறும், இதைத் தவிர்க்க வழியில்லை. ஹெட்லைட்டையும் திருகி இறக்கினேன்.

ஆக, ஆறு சுற்றில் ஏறிய சுமார் இரண்டு இன்ச்சில் பாய் இறக்கியது போக நான் உண்மையில் பெற்றது வலதில் ஒன்றேகால் இன்ச், இடதில் முக்கால் இன்ச். நடுமேட்டில் முன்பக்கம் இப்போது உரசுவதில்லை. பின்னச்சு உரசத்தான் செய்கிறது. அச்சுக்கும் தரைக்கும் உள்ள உயரம் டயரைப் பொறுத்தது, அதற்கு எந்த போல்ட்டும் கிடையாது. அதனால் ஒரு சக்கரத்தை மேட்டின் மேலேயே ஏற்றி ஓட்டப் பழகிக்கொண்டேன்.

அளவை டிரைவர் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் அளந்ததில் வலது மட்டும் ஒரு நூல் இறங்கியிருக்கிறது.